எதிர்ப்பொருளின் சிறு துண்டுகளால் உடலுக்குள் படமெடுத்தல்: ஆய்வுமேசை முதல் நோயாளி வரை

மார்பகப் புற்றுநோய் கொண்ட ஒருவரின் முதல் கட்டியில் ஹெர்2 என்னும் புரதம் மிகுந்திருப்பதாகப் பயாப்ஸி காட்டியது என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்குப் பிறகு நோய் கல்லீரலிலும் எலும்பிலும் தலைகாட்டும்போது, அந்தப் புதிய இடங்களிலும் அதே புரதம் இருக்கிறதா என்ற கேள்விதான் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. ஊசியால் எடுக்கும் திசுத்துணுக்கு, தான் எடுக்கப்பட்ட இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். ஒரே உடலில் ஒரு கட்டியில் புரதம் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போவது அரிதன்று. உடலில் உள்ள எல்லாக் கட்டிகளையும் ஊசியால் குத்திப் பார்ப்பதும் நடவாத காரியம். இந்தக் கேள்விக்கு உடலைத் திறக்காமல், ஒரே அமர்வில், உடல் முழுவதற்குமாக விடை தேடும் வழிதான் எதிர்ப்பொருள் துண்டுகளைக் கொண்ட படமெடுப்பு. இலக்குப் புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளின் ஒரு துண்டில் கதிரியக்க அணுவை (ஐசோடோப்பை) இணைத்துக் குருதியில் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று படமெடுப்பதே இந்த முறை. ஓர் ஆய்வுக்கூடம் அதை முதன்முறையாகச் செய்ய முற்படும்போது எந்த வரிசையில் சிந்திக்க வேண்டும், எங்கே பெரும்பாலும் தவறு நேர்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முழு எதிர்ப்பொருளையே கதிரியக்கப் பொருளுடன் இணைத்துச் செலுத்தினால் என்ன என்று கேட்கலாம். அது நடக்கிறது, நல்ல படங்களும் கிடைக்கின்றன. ஆனால் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளின் எடை ஏறத்தாழ 150 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு); அதன் வால்பகுதியை எஃப்சிஆர்என் என்னும் ஏற்பி பிடித்து மீண்டும் மீண்டும் குருதிக்கே திருப்பி அனுப்புவதால், மனித உடலில் அதன் அரை ஆயுட்காலம் (பாதி அளவு நீங்க ஆகும் காலம்) மூன்று வாரங்கள் வரை நீள்கிறது. சிகிச்சைக்கு இது வரம், படத்துக்கோ இடையூறு. குருதி முழுவதும் கதிரியக்கம் நிறைந்திருக்கும்போது கட்டி தனித்துத் தெரியாது. எனவே நோயாளி ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பி, சில நாட்கள் கழித்துப் படமெடுக்க மறுபடியும் வர வேண்டியிருக்கிறது. அத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் கதிரியக்க ஐசோடோப்பைப் பயன்படுத்துவதால் உடல் ஏற்கும் கதிர்வீச்சும் கூடுகிறது.

சிறுநீரகத்தின் வடிகட்டி ஏறத்தாழ 60 கிலோடால்டனுக்குக் கீழ்ப்பட்ட புரதங்களை வெளியே விடத் தொடங்கும். எதிர்ப்பொருளின் வால்பகுதியை நீக்கி, இலக்கைப் பற்றும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த எல்லைக்குள் வந்துவிடலாம். எதிர்ப்பொருளின் ஒரு கையான ஃபேப் துண்டு ஏறத்தாழ 50 கிலோடால்டன். அந்தக் கையில் இலக்கைப் பற்றும் நுனியை மட்டும் கொண்ட எஸ்சிஎஃப்வி 25 முதல் 30 வரை. இரண்டு எஸ்சிஎஃப்வி இணைந்த டயாபாடி 55 அளவில் நிற்கும். அவற்றோடு வால்பகுதியின் ஒரு துண்டும் சேர்ந்த மினிபாடி 80 அளவில் இருப்பதால் வடிகட்டியைக் கடக்காமல் தங்கி, கல்லீரல் வழியாக மெதுவாக வெளியேறும். இவற்றுள் மிகச் சிறியது ஒட்டக இனத்திலிருந்து கிடைத்தது. ஒட்டகத்தின் குருதியில் வழக்கமான எதிர்ப்பொருளில் உள்ள இலகு சங்கிலி, கனச் சங்கிலி என்னும் இருவகைப் புரதச் சங்கிலிகளில் இலகுவானதே இல்லாமல், கனமானது மட்டும் கொண்ட எதிர்ப்பொருள்கள் இருப்பதைப் பிரஸ்ஸல்ஸில் ரேமண்ட் ஹேமர்ஸின் குழு 1993-இல் வெளியிட்டது. அந்த எதிர்ப்பொருளின் நுனிப் பகுதியை மட்டும் தனியே எடுத்தால் 12 முதல் 15 கிலோடால்டன் எடையுள்ள விஎச்எச் துண்டு கிடைக்கும். அதையே நானோபாடி என்கிறோம். நீளம் 4 நானோமீட்டர், விட்டம் 2.5 நானோமீட்டர் அளவே கொண்ட இந்தத் துண்டு தன்னந்தனியாக இலக்கைப் பற்றும், திசுக்களுக்குள் எளிதாக ஊடுருவும், வெப்பத்தையும் பெரும்பாலும் தாங்கும். இந்தக் கட்டுரை முதன்மையாக நானோபாடியை வைத்தே செல்கிறது. மற்றத் துண்டுகளுக்கும் இதே சிந்தனை பொருந்தும், நேரக்கணக்கு மட்டும் மாறும்.

கேள்வியும் இலக்கும்

வேதியியலைத் தொடுமுன் ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: இந்தப் படத்தைப் பார்த்து மருத்துவர் எந்த முடிவை மாற்றப்போகிறார்? இதை எழுத முடியாத திட்டங்கள் அழகான எலிப் படங்களோடு நின்றுவிடுகின்றன. எழுதிய பிறகு இலக்குப் புரதத்தை நான்கு கோணங்களில் சோதியுங்கள்.

முதலாவது, அது செல்லின் வெளிப்பரப்பில் இருக்க வேண்டும். செல்லுக்குள் மறைந்திருக்கும் புரதத்தை நானோபாடி எட்டாது. இரண்டாவது, அதன் எண்ணிக்கை. ஹெர்2 மிகுந்த செல் ஒன்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏற்பிகள் இருக்கக்கூடும். சில ஆயிரம் மட்டுமே உள்ள இலக்குக்கு அதே முறையில் அதே தெளிவை எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது, இயல்பான திசுக்களில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்பது. எடுத்துக்காட்டாக, நோயெதிர்ப்புச் செல்களைக் குறிக்கும் இலக்குகளைத் தேர்ந்தால் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் ஒளிர்வது பிழையாகாது. அங்கே அந்தச் செல்கள் உண்மையாகவே இருக்கின்றன. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நீங்கள் தேடும் நோய் உடலில் எங்கே இருக்கிறது? நானோபாடி சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் அவற்றை ஒட்டியும் உள்ள சிறிய கட்டி அந்தப் பேரொளியில் மூழ்கிவிடும். மூளையின் குருதித் தடுப்பு சிதையாத இடத்துக்குள்ளும் அது போதுமான அளவில் நுழையாது. இத்தகைய கேள்விகளுக்கு வேறு கருவியைத் தேடுவதே நேர்மை.

மூன்று கடிகாரங்கள்

இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: துண்டையும் ஐசோடோப்பையும் பிணைப்பு வலிமையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூன்றும் மூன்று கடிகாரங்கள். அவை ஒரே நேரத்தைக் காட்டும் கணத்தில்தான் படம் தெளிவாகும்.

முதல் கடிகாரம் குருதியிலிருந்து வெளியேறும் வேகம். ஒற்றை நானோபாடியில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் குருதியை விட்டு நீங்கிவிடும். ஆகவே படமெடுக்கும் நேரம் ஊசி போட்ட 60 முதல் 90 நிமிடங்களில் அமைகிறது.

இரண்டாவது கடிகாரம் ஐசோடோப்பின் சிதைவு. கேலியம்-68-இன் அரை ஆயுட்காலம் 68 நிமிடம், ஃபுளோரின்-18-இன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். பெட் ஸ்கேனில் (பாசிட்ரான் உமிழும் ஐசோடோப்பைக் கொண்டு எடுக்கும் படத்தில்) நானோபாடியோடு இயல்பாக ஒத்துப்போகும் இணைகள் இவையே. ஒற்றைக் காமா கதிர்களைப் பதிவுசெய்யும் ஸ்பெக்ட் கருவி மட்டுமே உள்ள இடத்தில் 6 மணி நேர அரை ஆயுட்காலம் கொண்ட டெக்னீசியம்-99எம் தாராளமாகப் போதும். தாமிரம்-64-க்கு 12.7 மணி நேரம் என்பதால், சற்று மெதுவாக வெளியேறும் டயாபாடி போன்றவற்றுக்கு அது பொருந்தும். சிர்க்கோனியம்-89-க்கு 78 மணி நேரம். அது மினிபாடிக்கும் முழு எதிர்ப்பொருளுக்கும் உரியது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் நானோபாடியோடு அதை இணைத்தால், படம் எடுத்து முடித்த பிறகும் பல நாட்கள் நோயாளியின் சிறுநீரகம் வீணாகக் கதிர்வீச்சை ஏற்கும்.

மூன்றாவது கடிகாரம் இலக்கிலிருந்து துண்டு விடுபடும் வேகம். ஆய்வுக் கட்டுரைகளில், பற்றும் வேகத்தையும் விடுபடும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும் பிணைப்பு மாறிலி ஒரே எண்ணாகத் தரப்படுவதால் இது கண்ணில் படாமல் போகிறது. நானோபாடிக்கு இலக்கைப் பற்ற ஒரே ஒரு கைதான் உண்டு. முழு எதிர்ப்பொருளைப் போல ஒரு கை விட்டாலும் மறுகை பிடித்துக்கொள்ளும் வசதி அதற்கில்லை. விடுபடும் வேகம் வினாடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், பாதி மூலக்கூறுகள் பதினொன்றரை நிமிடத்தில் விடுபட்டுவிடும். மீண்டும் பற்றுவதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து இலக்கில் மிஞ்சுவது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அதே வேகம் வினாடிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், ஒரு மணி நேரம் கழித்தும் நூற்றுக்கு எழுபது அங்கேயே இருக்கும். ஆகவே பிணைப்பு நிகழ்வதையும் விடுபடுவதையும் நேரடியாக அளக்கும் பரப்புப் பிளாஸ்மன் ஒத்ததிர்வு முறையில் துண்டுகளை ஒப்பிடும்போது, பிணைப்பு மாறிலி நானோமோலார் அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், விடுபடும் வேகத்தைத் தனியே எடுத்து வரிசைப்படுத்துங்கள். படமெடுப்புக்கு நல்ல துண்டு எது என்பதை அந்த வரிசைதான் பெரும்பாலும் சொல்லும்.

இரண்டு நானோபாடிகளை இணைத்து இரட்டையாக்கினால் பிடி வலுக்கும். ஆனால் எடை 30 கிலோடால்டனாகி, குருதியில் தங்கும் நேரமும் சற்றுக் கூடும். முதல் முயற்சிக்கு ஒற்றைத் துண்டையே பரிந்துரைப்பேன்.

துண்டைக் கண்டெடுத்தல்

இந்தப் பகுதிக்குச் செம்மையான நெறிமுறைகள் ஏற்கெனவே இருப்பதால் சுருக்கமாகச் செல்கிறேன். லாமா, அல்பாக்கா, ஒட்டகம் ஆகியவற்றில் ஒன்றுக்கு இலக்குப் புரதத்தைச் சில வாரங்கள் தடுப்பூசிபோல் செலுத்தி, அதன் குருதியின் லிம்போசைட்டுகளிலிருந்து விஎச்எச் மரபணுக்களைப் பெருக்கி, பாக்டீரியோஃபேஜ் என்னும் வைரஸின் பரப்பில் வெளிப்படுத்தி, இலக்கின் மீது ஒட்டுபவற்றை இரண்டு மூன்று சுற்று சலித்தெடுப்பார்கள். விலங்கே தேவைப்படாத செயற்கை நூலகங்களும் இப்போது உண்டு. சலிக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: தட்டில் ஒட்டிய தூய புரதத்தோடு, அதே இலக்கை இயல்பான வடிவில் தாங்கிய உயிருள்ள செல்களையும் ஒரு சுற்றிலாவது பயன்படுத்துங்கள். தட்டில் ஒட்டும்போது புரதம் உருக்குலைந்து, உடலில் ஒருபோதும் வெளியே தெரியாத ஒரு பகுதியைப் பற்றும் துண்டுகள் மேலெழுந்து வருவது வழக்கம். எலியில் சோதிக்கப்போகிறீர்கள் என்றால், அந்தத் துண்டு எலியின் புரதத்தையும் பற்றுகிறதா, மனிதப் புரதத்தை மட்டும் பற்றுகிறதா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மனிதப் புரதத்தை மட்டும் பற்றும் துண்டைக் கொண்டு மனிதக் கட்டி வளரும் எலியில் எடுத்த படம் எப்போதும் அழகாகவே இருக்கும். ஏனெனில் அந்த எலியின் இயல்பான திசு எதிலும் அதற்கு இலக்கே கிடையாது.

உற்பத்திக்கு ஈ.கோலை பாக்டீரியாவே போதும். அதன் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பெரிபிளாசத்துக்குள் புரதம் சேரும்படி செய்து, சவ்வூடுபரவல் அதிர்ச்சியால் வெளியே எடுத்து, ஆறு ஹிஸ்டிடின் கொண்ட வாலைப் பிடித்து நிக்கல் நிரலில் (நிக்கல் ஏற்றிய பொருள் நிரப்பிய குழாயில்) பிரித்து, பிறகு மூலக்கூறுகளை அளவால் பிரிக்கும் அளவு விலக்க நிறப்பிரிகையில் ஒற்றை மூலக்கூறுகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். திரண்ட புரதம் சிறிதளவு கலந்திருந்தாலும் அது கல்லீரலில் போய் உட்காரும். பாக்டீரியாவிலிருந்து வருவதால், பாக்டீரியா நச்சான எண்டோடாக்சின் அளவை அளக்காமல் எந்த உயிருக்குள்ளும் செலுத்தக் கூடாது. எலிக்கும் இது பொருந்தும், ஏனெனில் எண்டோடாக்சின் தூண்டும் அழற்சி நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றிய உங்கள் படத்தையே மாற்றிவிடும்.

கதிரியக்கக் குறியிடல்

இங்கேதான் நல்ல துண்டுகள் கெட்டுப்போகின்றன. ஆகவே இங்கே சற்று நின்று செல்வோம்.

உலோக ஐசோடோப்பைப் புரதத்தோடு சேர்க்க, உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் கீலேட்டர் என்னும் மூலக்கூறு தேவை. கேலியம்-68-க்கு நோட்டா என்னும் கீலேட்டர் நல்ல தேர்வு. அறை வெப்பத்தில், பிஎச் அளவு 4 முதல் 5 வரையுள்ள அசிட்டேட் தாங்கல் கரைசலில், பத்து நிமிட அளவில் கேலியத்தைப் பற்றிக்கொள்ளும். டோட்டா என்னும் இன்னொரு கீலேட்டருக்கு ஏறத்தாழ 95 டிகிரி வெப்பம் வேண்டும். வெப்பம் தாங்கும் நானோபாடியாக இருந்தாலும் அந்த ஆபத்தை வலிந்து ஏற்கத் தேவையில்லை.

கீலேட்டரைப் புரதத்தில் எங்கே ஒட்டுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. எளிய வழி, காரத்தன்மையுள்ள கரைசலில் லைசின் அமினோ அமிலங்களோடு வினைபுரிய விடுவது. முழு எதிர்ப்பொருளில் பல பத்து லைசின்கள் இருப்பதால் ஒன்றிரண்டில் கீலேட்டர் ஒட்டினாலும் பெரும்பாலும் இழப்பில்லை. நானோபாடியில் லைசின்கள் சிலவே. அவற்றில் ஒன்று இலக்கைப் பற்றும் வளையத்தில், குறிப்பாகச் சிடிஆர்3 என்னும் வளையத்தில் இருந்துவிட்டால், கீலேட்டர் அங்கே ஒட்டிய ஒவ்வொரு மூலக்கூறும் குருடாகிவிடும். ஆகவே வினைக்கு முன்பே உங்கள் துண்டின் அமினோ அமில வரிசையை அச்சிட்டு, லைசின்களை வட்டமிட்டுப் பாருங்கள். வளையத்தில் லைசின் இருந்தால் இந்த வழியைக் கைவிடுங்கள்.

அப்போது கைகொடுப்பது சார்ட்டேஸ் என்னும் நொதி. நானோபாடியின் கடைசியில் எல்பிஇடிஜி என்ற ஐந்து அமினோ அமில வரிசையை வைத்து, அதற்கும் பின்னால் ஹிஸ்டிடின் வாலை வைத்துக்கொள்கிறோம். சார்ட்டேஸ் அந்த வரிசையில் திரியோனினுக்கும் கிளைசினுக்கும் இடையே வெட்டி, நாம் தரும் கிளைசின் தாங்கிய கீலேட்டரை அங்கே ஒட்டவைக்கிறது. வெட்டும்போது ஹிஸ்டிடின் வாலும் உதிர்ந்துவிடுகிறது. வினை முடிந்த கலவையை நிக்கல் நிரலில் செலுத்தினால், வினைபடாத நானோபாடி, உதிர்ந்த வால், ஹிஸ்டிடின் வால் கொண்ட சார்ட்டேஸ் ஆகிய மூன்றும் நிரலில் மாட்டிக்கொள்ள, கீலேட்டர் ஒட்டிய நானோபாடி தனியே வழிந்து வருகிறது. மிஞ்சிய சிறிய கீலேட்டரை அளவு விலக்க நிரல் நீக்கிவிடும். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரே இடத்தில், இலக்கைப் பற்றும் பகுதிக்கு எதிர்முனையில், ஒரே ஒரு கீலேட்டர். கடைசியில் ஒரு சிஸ்டீனை வைத்து மெலிமைடு வேதியியலால் ஒட்டுவதும் உண்டு; அதில் சிஸ்டீன்கள் தம்முள் இணைந்து இரட்டையாவதைத் தடுக்க முன்கூட்டியே மென்மையாக ஒடுக்க வேண்டும், அந்த ஒடுக்கம் நானோபாடிக்குள் இருக்கும் டைசல்பைடு பிணைப்பை உடைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டெக்னீசியம்-99எம் பயன்படுத்துவோருக்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு: அதன் டிரைகார்பனில் வடிவம் ஹிஸ்டிடின் வாலையே நேரடியாகப் பற்றிக்கொள்ளும், தனிக் கீலேட்டர் தேவையில்லை. பல துண்டுகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு இது மிகவும் ஏற்றது.

குறியிடும் நாளில் கடிகாரம்தான் எசமான். கேலியத்தைத் தரும் கருவியான ஜெனரேட்டரில் 271 நாள் அரை ஆயுட்காலம் கொண்ட ஜெர்மேனியம்-68 இருந்து கேலியம்-68-ஆகச் சிதைகிறது, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தினால் கேலியம்-68 கரைந்து வரும். கேலியம் சிதைந்து துத்தநாகமாகிறது. ஜெனரேட்டரை நீண்ட நேரம் கரைத்தெடுக்காமல் விட்டிருந்தால் அந்தத் துத்தநாகம் தேங்கி, கீலேட்டரின் இடத்துக்குப் போட்டியிடும். எனவே சில மணி நேரம் முன்பு ஒருமுறை கரைத்துக் கொட்டிவிட்டு, பிறகு வேலைக்கான கேலியத்தை எடுங்கள். இரும்பு அதைவிடக் கொடிய போட்டியாளர். நூறு மைக்ரோகிராம் நானோபாடி என்பது ஏறத்தாழ 7 நானோமோல் மட்டுமே. கவனக்குறைவாக ஓர் உலோகக் கரண்டி தாங்கல் கரைசலைத் தொட்டிருந்தால், அதிலிருந்து கரையும் இரும்பு அந்த 7 நானோமோலை எளிதாக மிஞ்சிவிடும். உலோகம் நீக்கிய நீர், பிளாஸ்டிக் கரண்டி, தனியே ஒதுக்கிய புட்டிகள் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வழக்கமாக்குங்கள். விளைச்சல் ஒருநாள் திடீரென்று பாதியாகக் குறைந்தால், புரதத்தைச் சந்தேகிக்கும் முன் கரைசல்களைச் சந்தேகியுங்கள்.

கரைத்தெடுத்தல், தாங்கல் கரைசல் சேர்த்தல், பத்து நிமிடக் காத்திருப்பு, சிறு நிரலில் தூய்மையாக்கல், 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி, தரச்சோதனை என்று எல்லாம் முடிய ஒரு மணி நேரமாகும். அதற்குள் ஏறத்தாழ பாதி கேலியம் சிதைந்திருக்கும். நோயாளிக்குத் தேவையான அளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்.

தரச்சோதனையில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உள்ளன. கதிரியக்கம் முழுவதும் புரதத்தில்தான் இருக்கிறதா என்பது முதற்கேள்வி. மென்படல நிறப்பிரிகையும் உயர்செயல்திறன் திரவ நிறப்பிரிகையும் அதற்கு விடை தரும், நூற்றுக்கு 95-க்கு மேல் இருக்க வேண்டும். அந்தப் புரதம் இன்னும் இலக்கைப் பற்றுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. 99 விழுக்காடு தூய்மையான, ஆனால் குருடான பொருளும் முதற்சோதனையில் தேறிவிடும். இலக்கு கொண்ட செல்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டி, கதிரியக்கத்தில் எத்தனை பங்கு செல்களில் ஒட்டுகிறது என்று அளக்கும் சோதனையை முறை வகுக்கும் கட்டத்தில் கட்டாயம் செய்யுங்கள். இலக்கு இல்லாத செல்களையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலியில் சோதித்தல்

ஒளிரும் கட்டி ஒன்று திரையில் தெரிந்தவுடன் மகிழ்ச்சி வருவது இயல்பு. அந்தக் கட்டி குறிப்பான பிணைப்பால் ஒளிர்கிறதா, கசியும் குருதிக்குழாய்களாலா என்பதைச் சொல்ல மூன்று ஒப்பீடுகள் தேவை: இலக்கு இல்லாத கட்டி கொண்ட எலி, எதையும் பற்றாத, அதே அளவும் அதே கீலேட்டரும் கொண்ட வேறொரு நானோபாடி, குறியிடாத துண்டை நூறு மடங்கு அளவில் முன்னதாகச் செலுத்தி இலக்கை அடைத்த எலி. மூன்றிலும் கட்டி மங்க வேண்டும். ஒன்றில் மட்டும் மங்காவிட்டால் ஏன் என்று தெரியும்வரை முன்னே செல்லாதீர்கள்.

ஊசி போடுவதில் ஒரு சிறு கண்டிப்பு. ஊசிக்குழலில் உள்ள கதிரியக்கத்தைச் செலுத்துமுன்னும் பின்னும் அளந்து, நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்து, எல்லா எண்களையும் ஒரே நேரத்துக்குச் சிதைவுத் திருத்தம் செய்யுங்கள். வால்சிரையில் போட்ட ஊசி சிறிது வெளியே கசிந்தாலும், அந்தக் கசிவு தேக்கம்போல் இருந்து மெல்ல மெல்லக் குருதிக்குள் சென்றுகொண்டே இருக்கும். குருதியிலிருந்து வெளியேறும் வேகத்தைப் பற்றிய உங்கள் கணக்கு முழுவதும் அதனால் கெட்டுவிடும். படமெடுத்த பிறகு வாலைத் தனியே அளந்து, எத்தனை விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அந்த எலியை விலக்குவது என்பதைச் சோதனை தொடங்குமுன்பே எழுதிவையுங்கள். இறுதியில் உறுப்புகளை எடுத்து எடைபோட்டுக் காமா எண்ணியில் அளப்பதே படத்திலிருந்து பெற்ற எண்களுக்கு உரைகல்.

சிறுநீரகம் என்னும் இடர்

நானோபாடிப் படம் ஒன்றை முதன்முறை பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது கட்டி ஆகாது. முதுகெலும்பின் இருபுறமும் எரியும் இரண்டு சிறுநீரகங்களும், கீழே நிறைந்த சிறுநீர்ப்பையும்தான். வடிகட்டியைத் தாண்டிய நானோபாடி நேரே சிறுநீரில் போய்விடுவதில்லை. அண்மைச் சுருள் நுண்குழலின் செல்களில் உள்ள மெகாலின், கியூபிலின் என்னும் ஏற்பிகள் அதை உள்ளே இழுத்துக்கொள்ள, லைசோசோமில் புரதம் சிதைந்தாலும் உலோகத்தைப் பிடித்த கீலேட்டர் செல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது.

இதைக் குறைக்க வழிகள் உள்ளன. ஹிஸ்டிடின் வாலை நீக்குவதே முதலாவது. அந்த வால் நுண்குழலின் பிடிக்குத் துணைபோகிறது, எனவே சார்ட்டேஸ் வழி இங்கேயும் இரட்டைப் பயன் தருகிறது. லைசினையோ, மாற்றியமைத்த ஜெலட்டின் கரைசலையோ உடன் செலுத்தினால், அவை ஏற்பிகளில் இடம்பிடித்துக்கொண்டு நானோபாடியைக் கடந்துபோக விடும். அயோடின் ஐசோடோப்பை உரிய சிறு மூலக்கூறின் வழியே இணைத்தால், சிதைவுத் துணுக்கு செல்லில் சிறைப்படாமல் சிறுநீரில் போய்விடும். அயோடின்-131-ஐக் கொண்டு சிகிச்சைக்கும் நானோபாடியைப் பயன்படுத்த முயல்வோர் இதனாலேயே அந்த வழியை விரும்புகிறார்கள். படமெடுப்புக்கு மட்டும் என்றால், குறுகிய ஆயுள் ஐசோடோப்பு தரும் சிறுநீரக அளவு பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. நோயாளியை நன்றாக நீர் அருந்தச் செய்து, ஸ்கேனுக்குச் சற்று முன் சிறுநீர் கழிக்கச் சொல்வது எளிய செயல். இடுப்புப் பகுதிப் படத்தின் தரத்தை அது கண்கூடாக உயர்த்தும்.

படத்தைப் படித்தல்

எதிர்பாராத இடம் ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் வேதியியல் பேசும் மொழி. எலும்புகள், குறிப்பாக மூட்டுகளும் முதுகெலும்பும் ஒளிர்ந்தால், ஃபுளோரின்-18 அல்லது சிர்க்கோனியம்-89 தன் பிணைப்பிலிருந்து கழன்றிருக்கிறது. தைராய்டும் இரைப்பையும் ஒளிர்ந்தால் டெக்னீசியம் பெர்டெக்னிடேட்டாக மாறி விடுபட்டிருக்கிறது. இதயத்தின் குருதி ஒரு மணி நேரம் கழித்தும் மங்காமல் இருந்தால், கழன்ற கேலியம் டிரான்ஸ்ஃபெரின் என்னும் குருதிப் புரதத்தில் ஏறிக்கொண்டிருக்கலாம். கல்லீரல் ஒளிர்ந்தால் திரண்ட புரதம், புரதத்தில் ஒட்டிய நீர்வெறுக்கும் குறியீடு, கழன்ற தாமிரம் ஆகிய மூன்றையும் வரிசையாகச் சோதியுங்கள். இலக்கே கல்லீரலில் இயல்பாக இருக்கக்கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

கட்டி ஒளிராததற்கும் காரணங்கள் பல. மருத்துவமனை பெட் கருவியின் பகுதிறன் சில மில்லிமீட்டர் அளவிலானது. அதன் இருமடங்குக்கும் சிறிய கட்டியில் கதிரியக்கம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே பதிவாகும். ஆகவே சிறிய கட்டி மங்கலாக இருப்பதை வைத்து, இலக்குப் புரதம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

மனிதரிடம் கொண்டுசெல்லல்

பிரஸ்ஸல்ஸில் நடந்து 2016-இல் வெளியான முதற்கட்ட ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. ஹெர்2-ஐப் பற்றும் நானோபாடியைக் கேலியம்-68-ஆல் குறியிட்டு, மார்பகப் புற்றுநோய் கொண்ட 20 பெண்களுக்குச் செலுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் கதிரியக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே குருதியில் மிஞ்சியது. உடல் ஏற்ற கதிர்வீச்சு ஒரு மெகாபெக்கரலுக்கு 0.043 மில்லிசீவர்ட், அதாவது ஒரு ஸ்கேனுக்குச் சராசரியாக 4.6 மில்லிசீவர்ட். வழக்கமான பெட் ஸ்கேன்களோடு ஒப்பிடத்தக்க அளவு இது. சிறுநீரகத்தோடு கல்லீரலும் குடலும் ஓரளவு ஒளிர்ந்தன. எனவே கல்லீரலில் பரவிய நோயை இந்தப் பொருளால் மதிப்பிடும்போது தனிக் கவனம் தேவை.

அந்த ஆய்வில் செலுத்திய புரதத்தின் அளவை 0.01, 0.1, 1 மில்லிகிராம் என மூன்று படிகளாக வைத்தது வெறும் சடங்கன்று. மிகக் குறைந்த அளவில் செலுத்தினால் இயல்பான திசுக்களில் உள்ள இலக்குகளே பெரும்பகுதியை விழுங்கிவிடலாம். மிகக் கூட்டினால் கட்டியின் இலக்குகளே நிறைந்து, குறியிட்ட துண்டுக்கு இடமில்லாமல் போகலாம். உங்கள் இலக்குக்கு எது சரியான அளவு என்பதை எலி சொல்லாது. முதற்கட்ட ஆய்விலேயே இந்தப் படிகளைத் திட்டமிடுங்கள்.

விஎச்எச் துண்டுகள் மனித எதிர்ப்பொருளின் ஒரு குடும்பத்தோடு மிகவும் ஒத்திருப்பதாலும், செலுத்தும் அளவு சிறியதாயிருப்பதாலும், உடலின் எதிர்வினை பெரும்பாலும் குறைவே. நானோபாடி அடிப்படையிலான கேப்லசிசுமாப் என்னும் மருந்து 2018-இல் ஐரோப்பாவிலும் 2019-இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது நம்பிக்கை தருகிறது. ஆனாலும் ஒரே நோயாளிக்கு மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுக்கத் திட்டமிருந்தால், ஒவ்வொரு முறையும் குருதி மாதிரி எடுத்து, துண்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உருவாகியிருந்தால், துண்டு அதோடு இணைந்து பெரிய மூலக்கூறாகி, வெளியேறும் வேகமே மாறிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும் என்று பலரும் பின்னால் உணர்கிறார்கள். ஸ்கேனுக்கு வரும் நோயாளி, அதே இலக்கைப் பற்றும் சிகிச்சை எதிர்ப்பொருளை ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருக்கலாம். உங்கள் துண்டும் அந்த மருந்தும் புரதத்தின் ஒரே இடத்தைப் பற்றினால், மருந்து அடைத்த கட்டி படத்தில் இருண்டு தோன்றும். இலக்கு இல்லை என்று மருத்துவர் எண்ணி, பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிடக்கூடும். மேலே சொன்ன ஹெர்2 நானோபாடி, ஹெர்2-க்கான சிகிச்சை எதிர்ப்பொருளான டிராஸ்டுசுமாப் பற்றும் இடத்தை விட்டு வேறோர் இடத்தைப் பற்றுவதால் சிகிச்சை நடக்கும்போதே படமெடுக்க இடமிருக்கிறது. உங்கள் துண்டுக்கும் அப்படியா என்பதை அறிய, இலக்கு கொண்ட செல்களில் சிகிச்சை மருந்தை நிறைய ஊற்றி, பிறகு குறியிட்ட துண்டைச் சேர்த்து, ஒட்டிய கதிரியக்கம் குறைகிறதா என்று அளந்தால் போதும். ஒரு பிற்பகலில் முடியும் இந்த வேலையை, ஃபேஜ் சலிப்பிலிருந்து துண்டுகள் கைக்கு வந்த வாரத்திலேயே, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் செய்துவிடுங்கள்.